வாழைப்பழத்தோல் 5 கிழமை, போத்தல் 450 வருசம்: இந்தக் கணக்கு யாழ்ப்பாண மண்ணுக்குச் சரிவருமோ?

வடலி எழுதியது:

எந்தக் குப்பை உக்க எவ்வளவு காலமெடுக்கும் எண்டு வாசிகசாலைப் பலகையில ஒட்ட ஒரு பட்டியல் தயார் செய்யிறம். எங்க தேடினாலும் ஒரே பட்டியல்தான் சுத்துது. வாழைப்பழத்தோல் 2 முதல் 5 கிழமை, தோடம்பழத்தோல் 6 மாதம், பேப்பர் 6 கிழமை, சிகரெட் கட்டை 1 முதல் 5 வருசம், தகர ரின் 50, அலுமினிய ரின் 200, பிளாஸ்ரிக் போத்தல் 450, நைலோன் தங்கூசி (தூண்டில் நூல்) 600, கண்ணாடி 10 லட்சம். தேங்காய்ப் பொச்சு, சிரட்டை, பனையோலை, நண்டுக்கோது, சோறு சுத்துற லன்ச் சீற் ஒண்டும் அதில இல்லை. எங்கட சாமான்களுக்கு என்ன எண் போடலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

செம்மண் எழுதியது:

எண் போட முதல் அந்தப் பட்டியல் எங்கத்தையான் எண்டு பாருங்கோ. அது அமெரிக்காவில கடற்குப்பை பற்றி ஒட்டின சுவரொட்டி வழியா வந்தது. கடல்ல கிடக்கிற சாமானுக்குச் சொன்ன கணக்கை ஆரோ தோட்டத்து மண்ணுக்குப் பிரதி பண்ணிப்போட்டினம். வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில இருக்கிற கொலின் வார்ட்டும் கிறிஸ்ரோபர் ரெடியும் 2020 இல இந்த வகை எண்களை ஒண்டொண்டாத் தேடிப் பார்த்தவை. பிளாஸ்ரிக் சாமான்களுக்கு இடத்துக்கிடம் வேற வேற எண். கனக்க எண்களுக்குப் பின்னால ஒழுங்கான ஆய்வே இல்லை.

யோசிச்சுப் பார்த்தாலும் விளங்கும். சோடாப் போத்தல் செய்யிற பெற் (PET) பிளாஸ்ரிக்குக்கு, போத்தல் வடிவத்துக்கான காப்புரிமை கிடைச்சதே 1973 இல. ஆக 50 வருசத்துக்குக் கொஞ்சம் மேல. 450 வருசம் உக்கினதை ஆர் பார்த்தது? “450” எண்டதை “எங்கட பேரப்பிள்ளையளின்ர காலத்திலயும் கிடக்கும்” எண்டு வாசிச்சால் பிழையில்லை. பலகையில 450 எண்டு திட்டமா எழுதினால்தான் பிழை.

காவோலை எழுதியது:

செம்மண் அண்ணை சொன்னது சரி. உக்குற சாமான்களுக்கும் அதே கதைதான். ஒரு சாமான் எவ்வளவு காலத்தில உக்கும் எண்டதை நாலு விசயம் தீர்மானிக்குது: ஈரம், காத்து, சூடு, அந்தச் சாமானுக்குள்ள இருக்கிற இலிக்னின் (மரத்தையும் நாரையும் விறைப்பாக்கிற, லேசில உக்காத பொருள்) அளவு.

சூட்டில எங்களுக்குக் குறையில்லை. 10 பாகை கூடினால் நுண்ணங்கிகளின்ர வேலை ஏறத்தாழ இரட்டிக்கும். குளிர் நாட்டில 15 பாகையில 6 மாதம் எண்டு சொன்ன தோடம்பழத்தோல், 28 பாகையில 2, 3 மாதத்தில முடியும். ஆனால் அந்தக் கணக்கு ஈரம் இருந்தால் மட்டும். மாசியில மழை நிண்டால் ஐப்பசி வரைக்கும் மேல் அரையடி மண் பொரிஞ்சு கிடக்கும். காய்ஞ்ச மண்ணில தோல் உக்காது, வத்தலாகும். பங்குனியில தாட்ட வாழைச்சருகை ஆவணியில கிண்டினால் நரம்போட அப்பிடியே வரும். கார்த்திகையில தாட்ட அதே சருகு தை முடிய முதல் கையில மாவாகும். ஒரே சருகு, ஒரே வளவு. பலகையில “வாழைச்சருகு: 2 மாதம்” எண்டு போட்டால் பாதி வருசத்துக்கு அது பொய்.

வடலி எழுதியது:

அப்ப மாரி, கோடை எண்டு ரெண்டு நிரை போடலாமோ அக்கா?

காவோலை எழுதியது:

போடலாம் பிள்ளை. மூண்டாவதா “தண்ணி தெளிச்ச கூட்டெருக் கும்பி” எண்டும் ஒண்டு போடும். ஆக்களுக்கு உண்மையில உதவப்போறது அதுதான்.

கரைவலை எழுதியது:

நான் ஒண்டு கேக்கிறன். கிடங்கு வெட்டி அடுப்படிக் கழிவைக் கொட்டினால் ஏன் உக்காமல் நாறுது? சூடும் இருக்கு, ஈரமும் இருக்கு.

செம்மண் எழுதியது:

காத்து இல்லை, அதுதான். சோறு, கறி, மீன் கழுவின தண்ணி எல்லாம் ஒண்டா அமுங்கினால் இடைவெளி மூடிப்போகும். ஒட்சிசன் தேவைப்படாத பற்றீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். கூழ்முட்டை மணம் வந்தால் அதுதான் சங்கதி. இந்த வழியிலயும் உக்கும், ஆனால் மெதுவா. அமெரிக்காவில அரிசோனாப் பல்கலைக்கழகத்தில வில்லியம் ராத்ஜே 1973 இல தொடங்கின குப்பை ஆய்வில, பிறகு பெரிய குப்பைமேடுகளைத் துளைச்சு எடுத்துப் பார்த்தவை. பல பத்து வருசத்துப் பத்திரிகை வாசிக்கக் கூடிய மாதிரிக் கிடந்தது. திகதியை வாசிச்சுத்தான் அந்த அடுக்கின்ர வயசையே கணிச்சிருக்கினம். பேப்பருக்கு “6 கிழமை” எண்ட எண் அங்க எடுபடேல்லை. கல்லுண்டாய்க் குப்பைமேட்டில ஏத்திக் கொட்டுற குப்பைக்கும் இதே விதிதான். மேல கிடக்கிறது வெயிலில காயும், கீழ கிடக்கிறது காத்தில்லாமல் எரியக்கூடிய மெதேன் வாயுவைக் கக்கிக்கொண்டு கிடக்கும். மேடு அடிக்கடி பத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில கிடங்குக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. வலிகாமத்தில கன இடத்தில செம்மண் ரெண்டு மூண்டடிதான், அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். கல்லில வெடிப்பும் குகையும் இருக்கிறதால, கிடங்கில ஊறுற தண்ணி மண்ணில வடிபடாமல் நேர கிணத்து நீருக்குப் போகும். குடிதண்ணியில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டது உலக சுகாதார நிறுவன அளவு. தோட்டப்பக்கக் கிணறுகள் கனக்க ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டினவை. அலவாங்கு கல்லில முட்டுற ஆழத்துக்குக் கிடங்கு வெட்டவே வேண்டாம். நிலத்துக்கு மேல கும்பியாக் குவியுங்கோ, கிணத்துக்கு எவ்வளவு தள்ளி ஏலுமோ அவ்வளவு தள்ளி.

காவோலை எழுதியது:

கும்பி போடுற விதத்தையும் சொல்லிவிடுறன், பிறகு ஆளாளுக்குக் கேப்பினம்.

அகலம், நீளம், உயரம் மூண்டும் ஒரு மீற்றருக்குக் குறையக்கூடாது. அதைவிடச் சின்னக் கும்பி சூட்டைப் பிடிச்சு வைக்காது. அடியில ஒரு சாண் உயரத்துக்குப் பூவரசந்தடி, பாளை, மட்டைத்துண்டு மாதிரிக் கரடான சாமான். அதுதான் காத்து வழி. அதுக்கு மேல சருகு 15 சென்ரிமீற்றர், மாட்டெரு 5 சென்ரிமீற்றர், பச்சைக் குழை ஒரு அடுக்கு, திரும்பவும் சருகு. அடுப்படிக் கழிவெண்டால் ஒரு வாளிக்கு மூண்டு வாளி சருகு. கணக்கென்னெண்டால் காபன் 25, 30 பங்குக்கு நைதரசன் 1 பங்கு இருக்கவேணும். காய்ஞ்ச சருகு தனிய 50க்கு 1 இல நிக்கும், மரத்தூள் 400க்கு 1. மாட்டெரு 20க்கு 1. கிளிசிறிடியாக் குழை அதைவிடத் திறம், வேலியிலயே நிக்குது.

ஈரம் பார்க்கிறதுக்குக் கருவி தேவையில்லை. உள்ளுக்கிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சால் விரலிடுக்கில ஒண்டு ரெண்டு துளி வரவேணும். ஒழுகினால் கூட. கை நனையாட்டில் குறைவு. மூண்டாம் நாள் கையை உள்ளுக்கு விட்டால் சுடும். 55 பாகைக்கு மேல மூண்டு நாள் நிண்டால் புல்விதையும் செத்துப்போம். பத்து நாளைக்கொருக்கால் பிரட்டி, வெளியில கிடந்ததை உள்ளுக்குத் தள்ளுங்கோ. 10, 12 கிழமையில முடியும், சித்திரையிலயும்.

பிழை வந்தால் மணத்திலயே தெரியும். மூக்கை அடிக்கிற மூத்திர மணமெண்டால் நைதரசன் கூட, சருகைப் போடு. எறும்பு குடியிருந்தால் கும்பி காய்ஞ்சிருக்கு. வெள்ளையா, வளைஞ்ச, கட்டைவிரல் மொத்தப் புழு இருந்தால் அதை மட்டும் விடாதேங்கோ. அது காண்டாமிருக வண்டின்ர புழு, நாளைக்குத் தென்னங்குருத்தைத் துளைக்கப்போறது. பிரட்டேக்க பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கோ. உக்குற தென்னங்குத்தியிலயும் இதுதான் குடியிருக்கும். விழுந்த தென்னையை “தானா உக்கட்டும்” எண்டு வளவில விட்டால், அது உக்கி முடிக்கிற வருசங்கள் முழுக்க வண்டுப் பண்ணைதான்.

ஊமல் எழுதியது:

பனைச் சாமான்களைப் பற்றி ஆரும் வாய் திறக்கேல்லையே. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு வாழைப்பழத்தோலையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

காவோலை எழுதியது:

வாறன் வாறன்.

பனையோலை வேலியில நிக்கேக்க ரெண்டு மூண்டு வருசம் தாங்கும். அதைக் கழட்டி மண்ணுக்குள்ள தாழ்த்தால் கதை வேற. புகையிலைத் தோட்டங்களில பழைய வேலியோலையையும் கூரையோலையையும் கான் வெட்டித் தாழ்க்கிறது பழைய பழக்கம். மெதுவா உக்கிறதைத்தான் அங்க பலமா எடுத்தவை. பூவரசங்குழை ஒரு மாரியில கரைஞ்சு பயிருக்குப் போய்விடும். ஓலை ஒரு போகத்துக்கும் மேல கிடந்து, மண்ணை இளக்கி, ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். வெட்டாமல் முழு ஓலையாப் போட்டால் அடுத்த கொத்தில மண்வெட்டியில சிக்கும். ஒரு சாண் துண்டா வெட்டிப் போட வேணும்.

ஊமல் (கிழங்கு எடுத்தபிறகு மிஞ்சுற காய்ஞ்ச பனங்கொட்டைக் கோது), பனங்கொட்டை, கங்குமட்டை மூண்டும் கும்பிக்கு வேண்டாம். ஊமல் வருசக்கணக்காக் கிடக்கும், அடுப்புக்குத்தான் அது. (உமக்கில்லை, சாமானுக்குச் சொன்னன்.) நுங்குக் கோம்பை ஈரமெண்டாலும் நார், நாலாப் பிளந்து போட்டால் ஒரு வருசம், முழுசாப் போட்டால் தண்ணி தேங்கி நுளம்பு.

பொச்சில இலிக்னின் 40 வீதத்துக்கு மேல. கயிறு திரிக்கிறதுக்கு மட்டையை உப்புத் தண்ணியில மாதக்கணக்கா ஊறப்போட்டாலும் தும்பு உக்கிறேல்லை. தும்பை ஒட்டிப் பிடிச்ச சதைதான் கழரும். கடல் தண்ணிக்குள்ள கயிறு நிண்டு பிடிக்கிறதும் இதாலதான். வளவில எறிஞ்ச பொச்சு மூண்டு நாலு வருசத்துக்குக் குறையாது. கும்பிக்குள்ள தள்ளுறதை விட, தென்னையடியில வட்டமா ஓடு மாதிரிக் கவிட்டு அடுக்கிவிடுங்கோ. ஈரம் காக்கும், உக்க வேண்டிய நேரத்தில உக்கும். தும்புத்தூளை உக்க வைக்கிறதெண்டால் ஒரு தொன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காப் போடுறது முறை. இலிக்னினை உடைக்கிற வேலையை பற்றீரியாவை விடக் காளான் வகைதான் நல்லாச் செய்யும்.

ஊமல் எழுதியது:

சிரட்டை?

காவோலை எழுதியது:

சிரட்டை உக்க எத்தினை வருசமெண்டதை விட, அதில மழைத் தண்ணி நிண்டால் நுளம்பு முட்டையில இருந்து பறக்க 8, 10 நாள் எண்டதுதான் பெரிய கணக்கு. எரிச்சுக் கரியாக்குங்கோ, இல்லாட்டில் கவிட்டு வையுங்கோ.

கரைவலை எழுதியது:

கடற்கரைச் சாமான்களுக்கு நான் சொல்லுறன்.

நண்டுக்கோது, இறால்கோது: கோதில கைற்றினும் கல்சியம் காபனேற்றும் இருக்கு. கைற்றினை மண்ணில இருக்கிற நுண்ணங்கிகள் திண்டுவிடும், மாரியில ஒண்டு ரெண்டு மாதம். மிச்சம் வெள்ளையா நொருங்குற சுண்ணாம்பு. இறால் தலையைக் கும்பிக்கு நடுவில ஒரு முழ ஆழத்தில தாழ்க்காட்டில் பூனையும் காகமும் வளவெல்லாம் இழுத்துப் போடும். கருவாட்டுக் கழிவை மட்டும் போடவேண்டாம். உப்பு உக்காது, பயிரடிக்கு வந்து சேரும்.

முன்னம் பருத்தி நூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏத்தினவை. அதில இருக்கிற தனின் நுண்ணங்கிகளை விலத்தி வைக்கும். அப்பிடியும் வலை அடிக்கடி உக்கிப்போகும் எண்டதுதான் நைலோனுக்கு எல்லாரும் மாறினதுக்குக் காரணம். இப்ப நைலோன் வலைக்கு வெயில் மட்டும்தான் எதிரி. கழியூதாக் கதிர் பட்டு வெடிச்சு நாராகும். கடலுக்கடியில வெயிலும் இல்லை, அறுந்துபோன வலை ஆரும் இழுக்காமலே மீனைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். 600 எண்ட எண்ணைப் போடாமல் இதை எழுதுங்கோ.

தகர ரின் கரையோரத்தில உப்புக் காத்துக்குச் சில வருசத்தில ஓட்டை விழுந்து செதில் செதிலாப் போகும். அதே மீன்ரின் உள்ளூரில வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழ காய்ஞ்சு கிடந்தால் 50 எண்டதும் நம்பலாம். அலுமினியத்துக்கு மேல ஒட்சைட்டுப் படை கவசமா நிக்குது, அது மண்ணாகாது. காசுக்கு எடுக்கிற ஆக்கள் இருக்கினம். உருக்கித் திருப்பிச் செய்ய, தாதில இருந்து புதுசா எடுக்கிறதுக்கு வேண்டிய சக்தியில 5 வீதம் போதும். கண்ணாடி உக்கிறேல்லை, அவ்வளவுதான்.

வடலி எழுதியது:

முட்டைக்கோது பற்றியும் கேக்கினம். கன இடத்தில “உரம், உரம்” எண்டு எழுதிக்கிடக்கு.

செம்மண் எழுதியது:

முட்டைக்கோதும் கல்சியம் காபனேற்றுத்தான். அது கரையிறதுக்கு மண்ணில அமிலம் வேணும். எங்கட மண்ணுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், மண்ணோ நடுநிலை அல்லது காரம். சுண்ணாம்பு மண்ணில சுண்ணாம்பு ஏன் கரையப்போகுது? மலைநாட்டுத் தேயிலை மண் எண்டால் வேலை செய்யும். இஞ்ச மாவா இடிச்சுப் போட்டாலும் வெள்ளைப் பொட்டுப் பொட்டாப் பல வருசம் கிடக்கும். பயிருக்குக் கேடில்லை, ஆனால் அதை உரமெண்டு நம்பவேண்டாம்.

ஆய்வுகூடம் எழுதியது:

பிளாஸ்ரிக் பக்கத்தை நான் எடுக்கிறன். முதல்ல சட்டம். 20 மைக்ரோன் அல்லது அதுக்குக் குறைஞ்ச பொலித்தீன், லன்ச் சீற், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) சாப்பாட்டுப் பெட்டி, குப்பையை வெளியில போட்டு எரிக்கிறது எல்லாம் 2017 செப்ரெம்பர் 1 இல இருந்து தடை. அதுக்கு முதல் சித்திரைப் புத்தாண்டு நாளில கொழும்புக்குப் பக்கத்தில மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளுக்கு மேல சரிஞ்சது. 2021 மார்ச் 31 இல இருந்து 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சம்பூ மாதிரிச் சின்னப் பைக்கற்றுகளுக்குத் தடை வந்தது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் விலக்கு.

இப்ப உக்கிற கதை. பொலித்தீன் வெயிலில கிடந்தால் சில மாதத்தில மொறுமொறுத்து உடையும். ஆக்கள் இதைப் பார்த்திட்டு “உக்கிப்போச்சு” எண்டு சொல்லுவினம். உக்கேல்லை, நொறுங்கினது. உக்கிறதெண்டால் நுண்ணங்கி அதைத் திண்டு காபனீரொட்சைட்டாக வெளியில விடவேணும். நொறுங்கின துண்டு மண்ணில கண்ணுக்குத் தெரியாத அளவில கிடக்கும். அதே பை மண்ணுக்குள்ள தாண்டால் வெயிலும் இல்லை, வருசக்கணக்காக் கிண்டக் கிண்ட முழுசா வரும்.

ரெஜிபோமைப் பற்றி 2019 இல வூட்ஸ் ஹோல் ஆக்கள் ஒண்டு கண்டுபிடிச்சவை: வெயில் பட்டால் அது உண்மையிலேயே காபனீரொட்சைட்டாகவும் தண்ணியில கரையிற காபனாகவும் மாறும். ஆனால் பகுதியளவில மாறவே பல பத்து வருசம், முழுக்க மாற நூற்றாண்டுக் கணக்கு.

“உக்கும் பை” எண்டு விக்கிறதிலதான் ஆக்கள் ஏமாறுகினம். பிளிமத் பல்கலைக்கழகத்தில இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தொம்சனும் பைகளை மண்ணிலயும் கடலிலயும் திறந்த வெளியிலயும் மூண்டு வருசம் விட்டுப் பார்த்து 2019 இல வெளியிட்டவை. “உக்கும்” எண்டு அச்சடிச்ச பையில மூண்டு வருசத்துக்குப் பிறகும் கடைச் சாமான் காவலாம். கூட்டெருவுக்கெண்டு செய்த பை கடலில மூண்டு மாதத்தில காணாமல் போச்சு, மண்ணில 27 மாதம் கழிஞ்சும் கிடந்தது. ஆனால் பாரம் தாங்கேல்லை. சோளமாப் பிளாஸ்ரிக்குக்கு ஐரோப்பிய நியமம் 58 பாகையில 6 மாதம் வைச்சுச் சோதிக்கிறது. வீட்டுக் கும்பி அந்தச் சூட்டில ஒரு கிழமை நிண்டால் பெரிய காரியம்.

கும்பிக்குள்ள களவாப் போற பிளாஸ்ரிக்கும் இருக்கு. தேத்தண்ணிப் பேப்பர்க் கோப்பையின்ர உள்பக்கம் பொலித்தீன் படை. பேப்பர் உக்கினபிறகு மெல்லிசாத் தோல் மாதிரிக் கையோட வரும். சில தேயிலைப் பைகள் சூட்டில ஒட்டின வகை, தூள் உக்கினதும் சிலந்திவலை மாதிரி ஒரு கூடு மிஞ்சும். பால் பெட்டியில கடதாசி முக்கால்வாசி, மிச்சம் பொலித்தீனும் அலுமினியமும், கடதாசியோட சேர்த்து ஆறு படை. பேப்பர் மாதிரித் தெரிஞ்சாலும் கும்பிக்குச் சேராது. கிழிச்சுப் பாருங்கோ, கிழிஞ்ச ஓரத்தில நீட்டி இழுபடுற தோல் தெரிஞ்சால் வெளியில வையுங்கோ.

ஊமல் எழுதியது:

எல்லாத்தையும் எரிச்சால் முடிஞ்சிது. ஏன் இந்தப் பாடு?

ஆய்வுகூடம் எழுதியது:

முடியாது அண்ணை. வளவில எரியிற நெருப்பு குறைஞ்ச சூடு, காத்தும் போதாது. பி.வி.சி. குழாய்த்துண்டு, வயர்த்தோல் ஒண்டு அதுக்குள்ள போனால் குளோரின் இருக்கிறதால டயொக்சின் எண்ட நச்சு வரும், சாம்பலிலயும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் பிறகு கத்தரிக்கும் வாழைக்கும் கொட்டுறது. தென்னோலை, சிரட்டைச் சாம்பல் வேற, பிளாஸ்ரிக் கலந்த சாம்பல் வேற.

செம்மண் எழுதியது:

சிகரெட் கட்டைக்கும் ஒரு வசனம் எழுதுங்கோ வடலி. பஞ்சு மாதிரித் தெரியிறது பஞ்சில்லை, செலுலோசு அசற்றேற்று. 2015 இல வெளிவந்த ஒரு இத்தாலிய ஆய்வில ரெண்டு வருசத்தில ஏறத்தாழ 38 வீதம்தான் குறைஞ்சிருக்கு. யாழ்ப்பாணச் சுருட்டுக் குறை முழுக்க இலை, ஒரு மாரிக்குத் தாங்காது. (சுருட்டுக்கு வக்காலத்து இல்லை.) பழைய உடுப்பும் இப்பிடித்தான். தனிப் பருத்திச் சறம் ஈர மண்ணில மூண்டு நாலு மாதத்தில பிய்ஞ்சு போகும். பொலியெஸ்ரர் கலந்த சேட்டில பருத்தி மட்டும் உக்கி, பட்டனும் தையலும் கண்ணறை வலை மாதிரித் துணியும் அப்பிடியே மிஞ்சும்.

வடலி எழுதியது:

அப்ப பலகையில வருசத்தை விட்டிட்டு, ஒவ்வொண்டும் “கும்பிக்கு”, “அடுப்புக்கு”, “திருப்பிக் குடுக்க”, “மண்ணில விடவே கூடாது” எண்டு பிரிச்சுப் போடுறன். பற்றரி, குழல் பல்ப், பம்பர்ஸ் எல்லாம் கடைசியில. உக்குற சாமானுக்கு மட்டும் மாரி, கோடை, கும்பி நிரை. அந்த எண்களை நாங்களே அளந்து போட ஏலுமோ?

செம்மண் எழுதியது:

ஏன் ஏலாது. நைலோன் நுளம்புவலைத் துணியில, ஒரு கையளவு பை 12 தையுங்கோ. கண்ணறை ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் இருந்தால் சின்னப் பூச்சி போகும், சருகு கொட்டாது. சாமானை ஒரு சாண் துண்டுக்குக் குறைவா வெட்டி, ரெண்டு நாள் வெயிலில காயவிட்டு, பைக்கு 20 கிராம் நிறுத்துப் போடுங்கோ. நிறுவை கிராம் காட்டவேணும், கடைத் தராசு சரிவராது. 15 சென்ரிமீற்றர் ஆழத்தில ஆறு பையை ஐப்பசி முதல் மழையோட தாழ்த்து, மற்ற ஆறையும் மாசியில. மாதத்துக்கு ஒரு பை எடுத்து, மண்ணைத் தட்டி, கழுவாமல் காயவிட்டு நிறுங்கோ. கழுவினால் உக்கின பகுதியும் தண்ணியோட போய், கணக்கு வேகமாக் காட்டும். மண் ஒட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பிழைக்கும், அதால மென்மையான பிரஸ்சால தட்டுறது நல்லது.

வெளிச்சுவரோரம் தாழ்க்காதேங்கோ, கறையான் ஒரே இரவில ஒரு பையைக் காலி பண்ணும். அது உக்கினதெண்டு எழுதப்படும்.

காவோலை எழுதியது:

ஒண்டு விட்டிட்டியள் அண்ணை. பையை நைலோன் நூலால தைக்கவேணும். பருத்தி நூலால தைச்சால் ரெண்டாம் மாதத்தில வாய் திறந்து, சருகோட ஆய்வும் மண்ணுக்குள்ள போயிடும். இலக்கத் துண்டையும் பேப்பரில எழுதவேண்டாம்; யோகற் கப்பை வெட்டி, ஆணியால கீறிக் கட்டிவிடும் பிள்ளை.

வடலி எழுதியது:

சரி அக்கா. சருகு, பொச்சு, பனையோலை, நண்டுக்கோது நாலோட தொடங்கிறம். அப்ப ஒவ்வொண்டுக்கும் 12 பை, மொத்தம் 48. நுளம்புவலை எத்தினை யார் (கெஜம்) வேணும்?

காவோலை எழுதியது:

ஒரு பைக்கு 15க்கு 30 சென்ரிமீற்றர் துண்டு, மடிச்சுத் தைக்க. வலை அகலம் ஒண்டரை மீற்றரெண்டால் ஒரு நிரையில 10 துண்டு, 5 நிரை. ஒண்டரை மீற்றர் போதும், தையலுக்கும் பிழைக்கும் சேர்த்து ரெண்டு யார் வாங்கும்.